கால் முடிச்சு

சேலம், கோட்டை
7.7.2024

அன்புள்ள அல்தாப் அண்ணனுக்குத் தங்கை தஸ்னீமின் சலாம்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருநூற்றுப் பத்து, கோபம் அதையும் தாண்டி நிற்கிறது. மற்றபடி இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? போன மாதம் ஜெயிலுக்கு மனுப் போட்டு உன்னைப் பார்க்க வந்தபோது உன் கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. குழாயில் இடித்துக்கொண்டேன் என்றாய். உன் தம்பி தவ்ஹீத் போலீஸ் ஸ்டேஷன் கழிவறையில் வழுக்கி விழுந்து செத்தானாம், அண்ணன் குழாயில் இடித்துக்கொள்கிறான். நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கும் தண்ணீருக்கும் ஆகவே ஆகாது போலிருக்கிறது.

ஜெயில் போனில் கிடைப்பது எட்டு நிமிஷம். அதில் ஆறு நிமிஷம் அம்மா "சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்று கேட்டே தீர்த்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். இதைப் பிரித்துப் படித்து முத்திரை குத்தும் ஐயாவுக்கும் என் சலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நாமக்கல் வக்கீல் சாரதாமணி அம்மாவைப் பார்த்தேன். முதலிலிருந்து சொல்லு என்றார். சொன்னேன். 2019 செப்டம்பரில் லாரி டயர் திருடினான் என்று தவ்ஹீதைச் சங்ககிரி பட்டறையிலிருந்து இன்ஸ்பெக்டர் சண்முகவேல் இழுத்துக்கொண்டு போனான். மூன்றாம் நாள் செத்த உடலாக, மையத்தாகக் கொடுத்தார்கள். அம்மா போட்ட வழக்கில், இரண்டே சிராய்ப்பு, வழுக்கி விழுந்ததுதான் என்று ஐகோர்ட் எழுதி மூடியது. தீர்ப்பு வந்த ஆறாம் நாள் என் பெரிய அண்ணன் வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சண்முகவேலைத் தேடிப் போனான். பத்து வருஷம். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, அந்தத் தீர்ப்பை அதே கோர்ட் திரும்பப் பார்க்குமா என்று கேட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கோர்ட்டு சொன்னது சொன்னதுதானுங்க. தோத்துப்போனோம்னு அதையே மறுக்காப் போயிப் பேச முடியாது. ரெண்டு வழிதான் கண்ணு. ஒண்ணு, அன்னிக்கு உங்களுக்குத் தெரியாத புதுச் சங்கதி, எத்தனை தேடியும் கைக்குச் சிக்காதது, இப்பக் கெடைச்சிருக்கோணும். இல்லீனா தீர்ப்புலயே பளிச்சுனு தெரியற தப்பு இருக்கோணும். சோத்துல கல்லு கெடந்தா தட்டப் பாத்ததுமே தெரியுமல்லங்க, அப்படி. ஒக்காந்து சலிச்சுத் தேடித்தான் எடுக்கோணும்னா அது கல்லு இல்லீங்க, வாதம். வாதத்தக் கேக்க மாட்டாங்க." முப்பது நாளில் போட்டிருக்க வேண்டிய மனுவாம். இரண்டு வருஷத்துக்கு மேலான தாமதத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும்.

அண்ணே, புதுச் சங்கதி உன்னிடம்தான் இருக்கிறது. தவ்ஹீதைக் குளிப்பாட்டியது நீயும் கரீம் பாஷா மாமாவும் மட்டும். எங்களுக்குக் காட்டியது சுற்றிய கபன் துணிக்குள் முகத்தை மட்டும். கதவுக்கு உள்ளே நீ என்ன பார்த்தாய்?

தஸ்னீம்


மத்திய சிறை
2.8.2024

அன்புத் தங்கை தஸ்னீமுக்கு அல்தாப் எழுதிக்கொண்டது. வ அலைக்கும் ஸலாம்.

நான் நலம். கண் வீக்கம் வற்றிவிட்டது. அம்மா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போட வேண்டும், பின்னாடி இல்லை. அவளிடம் எழுதிக் காட்டு.

இங்கே போன செவ்வாய்க்கிழமை குழம்பு வரிசையில் சண்டை. ஈரோட்டுக்காரன் ஒருவன் அலுமினியத் தட்டின் ஓரத்தால் இன்னொருவன் காதைச் சீவிவிட்டான். பாதிக் காது சாம்பார் வாளிக்குள் விழுந்தது. வாளியை மாற்றவில்லை. நான் அன்றைக்கு ரொட்டி மட்டும் தின்றேன்.

நெசவுப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். மழைக்காலம் வருகிறது, நம் சாக்குக் கடையில் பழைய சாக்கை மணைப் பலகை மேல் அடுக்கு. லீ பஜார் ஆட்கள் ஈரச் சாக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், கையை உள்ளே விட்டுப் பார்த்து வாங்கு. எல்லாருக்கும் சலாம் சொல்.

அல்தாப்


சேலம்
10.8.2024

அண்ணனுக்கு,

சலாம். நாங்கள் நலம், சாக்கும் நலம்.

நான் உன்னிடம் சாக்கு அடுக்குவது எப்படி என்றா கேட்டேன்? ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பாதிக் காது எந்த வாளியில் விழுந்தது என்று எழுதத் தெரிகிறது, கூடப் பிறந்தவன் உடம்பில் என்ன இருந்தது என்று எழுத மட்டும் பேனாவில் மை இல்லையா? மனுஷன்தானா நீ?

ஐந்து வருஷமாக அம்மா தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகிறது. அவள் கேட்பது ஒன்றுதான், தவ்ஹீத் திருடன் இல்லை, விழுந்து சாகவில்லை என்று எழுதி வாங்க வேண்டும். அதற்காவது பதில் போடு.

தஸ்னீம்


சேலம்
25.9.2024

அண்ணனுக்குச் சலாம்.

ஆறு வாரம் ஆயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சரி, வாய் உனக்கு மட்டுமா இருக்கிறது என்று பனமரத்துப்பட்டிக்கு பஸ் ஏறிப் போய் மாமாவைப் பிடித்தேன். ஏரிப் பக்கம் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். தவ்ஹீதுக்குப் பிறகு அவர் எந்த மையத்தையும் குளிப்பாட்டப் போவதில்லை, உனக்குத் தெரியுமா? நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் செய்த மனுஷன்.

கேட்டேன். "மையத்துல கண்டது அமானிதம்டி, நம்மள நம்பி ஒப்படைச்சது. கண்டத மறைச்சவனுக்குத்தான் மன்னிப்பு இருக்கு. நீ என் கழுத்த அறுத்தாலும் சொல்ல மாட்டேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வலையைப் பிடுங்கிக் கிழித்தேன். "மன்னிப்பு உங்களுக்கா மாமா, சண்முகவேலுக்கா?" என்று கத்தினேன். அவர் சுவரில் மடார் மடார் என்று தலையை மோதிக்கொண்டார். நெற்றி கிழிந்து ரத்தம். மாமி என்னைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டாள்.

நான் நேரே பள்ளிவாசல் ஹஜரத்திடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். சொன்னார்: "மறைக்கச் சொன்னது மையத்தோட குறையம்மா. முகம் கறுத்துச்சு, வாய் கோணுச்சுன்னு ஊர்ல பேசக்கூடாது. கொன்னவன் செஞ்ச குத்தம் மையத்தோட குறை ஆகாது. அது சாட்சி. சாட்சிய மறைச்சா வேற கணக்கு." அவரையே கூட்டிக்கொண்டு போய் மாமா முன்னால் அதைச் சொல்ல வைத்தேன்.

மாமா கட்டுப்போட்ட தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அஞ்சு வருஷமா நான் யாரக் காப்பாத்திட்டிருந்தேன்?" என்று கேட்டார். "தவ்ஹீது கை மேல அல்தாபு கைய வெச்சு சத்தியம் வாங்கினது நான்தான். அந்தச் சத்தியத்த விட்டுட்டேன்னு எழுது. அவன் சொல்லட்டும், நானும் சொல்றேன்" என்றார்.

எழுதிவிட்டேன். இப்போது சொல்.

தஸ்னீம்


மத்திய சிறை
14.10.2024

தஸ்னீமுக்கு,

நலம். நீங்கள் நலமாக இருக்க துஆ. இதை அம்மா இல்லாத நேரத்தில் படி.

முதலில் பாதம். இரண்டு உள்ளங்காலும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி வெடித்திருந்தன. தண்ணீர் ஊற்றியதும் குதிகால் தோல் என் கையோடு வந்தது. வலது காலில் மூன்று விரலுக்கு நகம் இல்லை. முட்டியைப் பிடித்தேன், மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. விலாவில் சோப்புப் போடக் கை வைத்தேன், கை உள்ளே போயிற்று. முதுகைத் திருப்பினால் கழுத்திலிருந்து இடுப்பு வரை பட்டை பட்டையாகக் கறுப்பு. வயிற்றில் மட்டும் போஸ்ட்மார்ட்டத் தையல். எந்த டாக்டரோ, அவனைக் குப்புறத் திருப்பியே பார்க்கவில்லை.

மாமா "வாயத் தொறக்காத, வாயத் தொறக்காத" என்று முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினார். கதவுக்கு வெளியே சண்முகவேலின் பூட்ஸ் சத்தம் கேட்டது. மஃரிப் தொழுகைக்கு முன்னால் அடக்க வேண்டும் என்று அவன்தான் அவசரப்படுத்தினான். நான் கபன் துணியின் கால் முடிச்சைப் போட்டேன். கை நடுங்கியதில் சரியாக விழவில்லை.

தீர்ப்பு எனக்கு மனப்பாடம். முப்பத்தொன்றாம் பக்கம்: "உடலைக் குளிப்பாட்டிய உறவினர்கள் இருவரும் வேறு காயம் எதுவும் இல்லை என்றே தெரிவித்துள்ளனர்." நாங்கள் எங்கே தெரிவித்தோம்? எங்களை ஒரு நாயும் கேட்கவில்லை. ஆனால் கோர்ட்டில் எழுந்து இல்லை என்று கத்தினால் என்ன கண்டேன் என்று சொல்லியாக வேண்டும், சத்தியம் இருந்தது. என் வாயைக் கட்டிப்போட்டு, அந்த மௌனத்தையே அவனுக்குச் சாட்சியாக்கிவிட்டார்கள்.

அதனால்தான் போனேன். டீக்கடையில் பன் தின்றுகொண்டிருந்தான். முதல் அடி வலது முட்டியில். "அம்மா" என்றான். அந்த வார்த்தைக்காகவே இடது முட்டியிலும் போட்டேன். பிறகு மணிக்கட்டு, காய்ந்த முருங்கைக் குச்சி மாதிரி ஒடிந்தது. இங்கே வருத்தப்படுகிறேனா என்று வருஷா வருஷம் எழுதிக் கேட்கிறார்கள். சந்தோஷமாகத்தான் அடித்தேன். இப்போதும் கனவில் அடிக்கிறேன், விடிந்தால் கை வலிக்கிறது. இதைப் படிக்கிற ஐயா வேண்டுமானால் குறித்துக்கொள்ளட்டும்.

கபர்க் குழியில் நான்தான் இறங்கினேன். வழக்கப்படி கபனின் முடிச்சுகளை அவிழ்த்தபோது

அது வேண்டாம். இவ்வளவுதான் நான் கண்டது.

அல்தாப்


சேலம்
3.11.2024

அண்ணனுக்கு ஆயிரம் சலாம்.

உன் கடிதத்தைக் கடைக்குப் பின்னால் நின்று படித்தேன். சாக்குக் கட்டின் மேலேயே வாந்தி எடுத்தேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு நாமக்கல் பஸ் பிடித்தேன். சாரதாமணி அம்மா இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சாமி, கபருக்குள்ள எலும்பு இருக்குதல்ல. அது பொய் சொல்லாது. இந்த ரெண்டு பேர் வாக்குமூலத்த வெச்சுத் தோண்டிப் பாக்கச் சொல்லிக் கேக்கலாம்" என்றார்.

மாமா கையெழுத்துப் போடத் தயார் என்ற பேச்சு எப்படியோ வெளியே போய்விட்டது. போன திங்கட்கிழமை மாமா நம் கடையில் இருந்தபோது பட்டப்பகலில் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். மாமாவின் வலது கையைத் தராசு மேடையில் அழுத்திப் பிடித்து, ஐந்து கிலோ படிக்கல்லால் விரல்களை நசுக்கினார்கள். "குளிப்பாட்டுற கைதானே இது?" என்று கேட்டுக்கேட்டு அடித்தார்களாம். நான் சாக்குத் தைக்கிற கோணூசியை எடுத்து ஒருவன் தொடையில் இறக்கினேன், முழு நீளத்துக்கு. ஊசியோடு ஓடினான். மாமாவுக்கு இரண்டு விரல் இனி மடங்காது. வக்கீல் வீட்டுக்கு வந்து இடது பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார். ரேகை வைத்துவிட்டு மாமா சிரித்தார் அண்ணே, ஐந்து வருஷத்தில் முதல் தடவை.

இனி பாக்கி ஒன்றுதான். வழக்குப் போட்டது அம்மா. அதனால் "இந்தக் காயங்கள் எதுவும் இன்றுவரை எனக்குத் தெரியாது" என்று அம்மா சத்தியப் பத்திரம் கொடுக்க வேண்டும். தெரிந்துகொண்டே சும்மா இருந்தவருக்குக் கதவு திறக்காதாம். வேறு வழியில்லாமல் அம்மாவிடம் காயங்களை மெதுவாகச் சொன்னேன். அழுவாள், மயங்குவாள் என்று பயந்து தண்ணீர்ச் சொம்போடு உட்கார்ந்தேன். அவள் கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். கடைசி வரை ஊசி நிற்கவில்லை. எனக்கென்னவோ போலிருந்தது. அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

இருபத்திரண்டாம் தேதி கையெழுத்து. துஆ செய்.

தஸ்னீம்


மத்திய சிறை
12.11.2024

தஸ்னீமுக்கு,

சலாம். மாமாவின் கையை நினைத்துத் தூக்கம் இல்லை.

அம்மாவை அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வைக்காதே. ஏன் என்று என்னைக் கேட்காதே, அவளையும் கேட்காதே. இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மனுவே போடாவிட்டாலும் பரவாயில்லை. நான் மீதி வருஷங்களை முடித்துவிட்டு வருகிறேன்.

அல்தாப்


சேலம்
1.12.2024

அண்ணனுக்குச் சலாம்.

இந்தக் கடிதம் எழுதும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நலமாக இருக்கிறாள். என்னைவிட நலமாக இருக்கிறாள்.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு வெறி பிடித்தது. விரல் போன மாமா, ஊசி குத்திய நான், இத்தனைக்கும் பிறகு "மனுவே போடாவிட்டாலும் பரவாயில்லை" என்கிறாயே! சோற்றுப் பானையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். கத்திக் கத்தி உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தாள்.

"முடிச்சப் பாத்துட்டானா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. பிறகு சொன்னாள். மையத்தைக் கூடத்தில் கிடத்தி, நீங்கள் மையத்தைத் தூக்கிப் போகும் சந்தூக்கு எடுத்துவர வெளியே போனீர்கள். கூடத்தில் அவள் மட்டும். கால் முடிச்சு நழுவியிருந்தது. முப்பது வருஷம் சாக்குக் கட்டியவளுக்குக் கோணல் முடிச்சைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? சரி செய்யக் குனிந்தாள். துணி விலகியது. இரண்டு பாதங்களையும் பார்த்தாள். துணியை இழுத்து மூடித் தன் முடிச்சைப் போட்டாள், அந்தச் சாக்கு முடிச்சு, நுனியை உள்ளே திணிப்பாளே, இழுத்தால் இறுகும், தள்ளினால்தான் அவிழும், அது. நிமிர்ந்தால் வாசலில் சண்முகவேல். "மூத்தவன் ஒருத்தன் இருக்கானில்ல, அவனையாச்சும் காப்பாத்திக்கோ" என்றானாம், தண்ணீர் கேட்கிற மாதிரி சாதாரணமாக.

"நான் பாத்தேன்னு தெரிஞ்சா அல்தாபு கத்தியத் தூக்கிடுவான்னு வாய மூடினேன்டி. ஸ்பேனரத் தூக்கிட்டான்" என்றாள். அதற்குப் பிறகு நீ கேட்டிருக்க வேண்டும் அவள் அழுததை. பக்கத்து வீட்டார் கதவை இடித்துத் திறந்து வந்துவிட்டார்கள்.

அழுது முடித்துவிட்டு, "அல்லா மேல பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன். எனக்குத் தெரியும்னே எழுது" என்றாள். அதையே வக்கீலிடம் போய்ச் சொன்னோம். சாரதாமணி அம்மா பேனாவை மேசையில் வீசினார். "ஏனுங்க, போச்சுங்களே! தெரிஞ்சிருந்ததுன்னா அது புதுச் சங்கதியே இல்லீங்களே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் அந்த ஆத்திரத்தில்தான் கேட்டேன், "மாமாவும் அண்ணனும் காயமே இல்லைன்னு சொன்னதா முப்பத்தொன்னாம் பக்கத்துல எழுதியிருக்கே, யார்கிட்டச் சொன்னாங்க? அந்த வாக்குமூலத்தையாவது காட்டுங்க, கிழிச்சுப் போடறேன்." வக்கீல் அலட்சியமாக வழக்குக் கட்டைப் புரட்டினார். அப்புறம் வேகமாகப் புரட்டினார். வாக்குமூலம் இல்லை அண்ணே. அப்படி ஒன்று எடுக்கவே இல்லை. சண்முகவேல் தன் பதில் மனுவில் ஒரு வரி எழுதியிருக்கிறான், கோர்ட் அதை நீங்களே சொன்னதாகத் தீர்ப்பில் ஏற்றிவிட்டது. "போலீசு ஃபைல்ல இருக்கும்னு நானே நெனச்சுட்டனுங்க. பழைய வக்கீலும் அப்படித்தான் நெனச்சிருப்பாரு. சோத்துல கல்லு! இத்தன நாளாத் தட்டுலயே கெடந்திருக்குது கண்ணு!" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். இன்னும் வலிக்கிறது.

மனுவைப் போட்டாயிற்று. அம்மா உண்மையைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

தஸ்னீம்


மத்திய சிறை
20.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு உன் மகன் அல்தாபின் சலாம். உன் காலைத் தொட்டு எழுதுகிறேன்.

ஆமாம், பார்த்தேன். கபருக்குள் குனிந்து கால் முடிச்சை இழுத்தேன், இறுகியது. தள்ளினேன், அவிழ்ந்தது. அந்த இடத்திலேயே என் உயிர் போயிருக்க வேண்டும். உனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் நான் சத்தியமே செய்தேன். மேலே ஏறி வந்து உன் முகத்தைப் பார்த்தேன், நீ ஒன்றும் தெரியாதவள் மாதிரி "நல்லா அடக்கினீங்களா" என்று கேட்டாய்.

தீர்ப்பு வாசித்த அன்று என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். அந்த வரி வந்தபோது நீ உன் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாய். நீ என் பக்கம் திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இரண்டு பேரும் எழுந்து கத்தியிருப்போம், நான் ஸ்பேனர் எடுத்திருக்க மாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

சாப்பிட்டேன் அம்மா. தினமும் சாப்பிடுகிறேன்.

அல்தாப்


சேலம்
16.3.2025

அண்ணனுக்கு,

சலாம், சலாம், சலாம். அம்மாவுக்குச் சர்க்கரை நூற்றைம்பதுக்கு இறங்கிவிட்டது. டாக்டர் மாத்திரையால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பழைய தீர்ப்பு எழுதிய இரண்டு நீதிபதிகளில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். மற்றவரும் இன்னொரு புதியவரும் உட்கார்ந்திருந்தார்கள். அரசு வக்கீல் எழுந்ததுமே பாய்ந்தார். "தாய்க்கே தெரியும், மகனுக்கும் தெரியும், மறைத்தார்கள். மகன் அதிகாரியின் கை காலை உடைத்தான். இப்போது வந்து தீர்ப்பைத் திருத்துங்கள் என்கிறார்கள். தோற்றவர் எல்லாரும் இப்படித் திரும்பி வந்தால் எந்தத் தீர்ப்புக்கு முடிவு உண்டு?" என்றார். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கே நியாயமாகப் பட்டது.

பழைய நீதிபதி அம்மாவை முன்னால் அழைத்தார். "அப்போதே ஏனம்மா சொல்லவில்லை?"

அம்மா சொன்னாள்: "வாசல்ல போலீசு நின்னுச்சுங்க ஐயா. பெரியவனையாச்சும் காப்பாத்திக்கோன்னாங்க. காப்பாத்தறதா நெனச்சு வாய மூடினேன். அவனும் போயிட்டான். இனிமே எங்கிட்டப் பறிக்க ஒண்ணுமில்ல, அதான் வந்து சொல்றேன். நான் மறைச்சது தப்புத்தான். ஆனா எம்மவனும் எந்தம்பியும் சொல்லாத வார்த்தைய நீங்க எழுதிட்டீங்களே ஐயா, அத யாரு உங்ககிட்டச் சொன்னது?"

அந்த நீதிபதி முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து, அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். அவர் எழுதியதுதானே.

உத்தரவு போன வெள்ளிக்கிழமை வந்தது. அம்மாவுக்கு முன்பே தெரியும் என்பதால் புதிய ஆதாரம் என்று ஏற்க முடியாதாம். அதில் நாம் தோற்றோம். ஆனால் கேட்கவே கேட்காதவர்களைக் கேட்டதாக, சொல்லாதவர்கள் சொன்னதாக இந்த நீதிமன்றம் எழுதியிருக்கிறது, இது தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பிழை அல்ல, ஒரு மனிதனின் உயிரைப் பற்றிய தீர்ப்பு இந்தப் பிழையின் மேல் நிற்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். தாமதத்தையும் மன்னித்துவிட்டார்கள். பழைய தீர்ப்பைத் திரும்பப் பெற்றாயிற்று. வழக்கு முதலிலிருந்து. கபரைத் திறந்து மூன்று டாக்டர்கள் பார்க்க வேண்டும்.

வெளியே வந்ததும் சாரதாமணி அம்மா நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் தேங்காய் உடைக்கிற மாதிரி என் செருப்பைத் தரையில் அடித்து அடித்து அறுத்தேன். வெறுங்காலோடுதான் ஊர் வந்தேன்.

தஸ்னீம்


சேலம்
11.5.2025

அல்தாபு,

அம்மா எழுதறேன். தஸ்னீம் எழுதறேன்னா, நான் குடுக்கல. எழுத்து கோணலா இருக்கும், படிச்சுக்கோ. சாப்பிட்டியா?

கபரத் தொறந்தப்ப நானும் போனேன். பொம்பள வரக்கூடாதுன்னு ஒருத்தன் சொன்னான். ஹஜரத் அவனத் திரும்பிப் பாத்தாரு, அவன் அப்பால போயிட்டான். டாக்டரு ஒவ்வொரு எலும்பா எடுத்து வெள்ளைத் துணியில வெச்சு சத்தமாச் சொன்னாரு, பக்கத்துல ஒருத்தர் எழுதினாரு. குதிகால் ரெண்டும் ஒடைஞ்சிருக்கு. வலது முட்டி. விலா அஞ்சு. முதுகுத்தண்டுல ரெண்டு எடம். குதிகாலச் சொன்னப்ப மட்டும் நான் ஆமான்னு கத்தினேன். மத்ததெல்லாம் தஸ்னீம் சொல்லிக் கேட்டதுதான், நான் கண்ணால பாக்காதது. அங்கேயே மண்ண வாரி, நின்னுட்டிருந்த போலீசு மேல எறிஞ்சேன். ஒருத்தரும் தடுக்கல. அந்தப் போலீசும் நகரல.

சண்முகவேலு மேல கொலைக் கேசு போடச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. கட்டை ஊனிக்கிட்டு கோர்ட்டுக்கு வருவான். நானும் வருவேன்.

வர்ற வியாழக்கிழமை தவ்ஹீதத் திருப்பித் தர்றாங்க. அடக்கத்துக்கு உன்னக் காவலோட அனுப்பறாங்கன்னு வக்கீலம்மா சொன்னாங்க. மறுபடி குளிப்பாட்ட வேணாம், துணி சுத்தினாப் போதும்னு ஹஜரத் சொல்லிட்டாரு. தல முடிச்சு மாமா போடுவான், ரெண்டு வெரலு மடங்காது, இருந்தாலும் அவன்தான் போடணுங்கறான்.

கால் முடிச்சு நீ போடு. கை நடுங்கும். நடுங்கட்டும். அன்னிக்கு மாதிரி நழுவினாலும் நான் வந்து கட்ட மாட்டேன். அப்படியே கெடக்கட்டும், ஊரு பாக்கட்டும்.

ஷரீஃபுன்னிசா